வில்கின்சன் காசு எந்த ஊர்க் காசு? ஒரு செப்பு டோக்கனும் நாலு கேட்டலாக்கும்

டோக்கன் (அரசாங்கம் இல்லாம கடைக்காரங்களும் கம்பெனிங்களும் சில்லறைக்குன்னு அடிச்சு விட்ட காசு) சேர்க்கறவங்ககிட்ட "எந்தப் புக் வாங்கலாம்"னு கேட்டா ஆளுக்கு ஒரு பேரு சொல்வாங்க. எல்லாம் நல்ல புக்தான். ஆனா எந்தப் புக் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்னு யாரும் சொல்றதில்ல. அது தெரியாம ஒரே ஒரு தேய்ஞ்ச செப்புக் காசை வெச்சுக்கிட்டு நான் கிட்டத்தட்ட நாலு மாசம் சுத்துனேன், அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளமாப் போகும், டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

நான் அடிப்படையில மெட்ராஸ் பிரசிடென்சி செப்புக் காசு சேர்க்கறவன். 1803-ஆம் வருஷத்து இருபது காசு, பத்து காசு, அந்த வகை. கம்பெனி சின்னம் ஒரு பக்கம், பாரசீக எழுத்து மறுபக்கம். நம்ம ஊர்ல பழைய காசு விக்கிற எந்தப் பெட்டியிலயும் கையை விட்டா ஒண்ணாவது சிக்கும். அதெல்லாம் மெட்ராஸ்ல அடிச்சதில்ல, பர்மிங்காம் பக்கத்துல சோஹோன்னு ஒரு இடத்துல மேத்யூ போல்டன் வெச்சிருந்த மின்ட்ல, அதாவது காசடிக்கற ஆலையில, நீராவி மெஷின்ல அடிச்சு கப்பல்ல ஏத்தி அனுப்புனது. 1808-ன்னு போட்ட காசை ஏத்திக்கிட்டுக் கிளம்புன அட்மிரல் கார்டனர்ங்கற கப்பல் 1809 ஜனவரில இங்கிலாந்து கரையைத் தாண்டறதுக்கு முன்னாடியே குட்வின் மணல்திட்டுல மாட்டி முங்கிப்போச்சு. கடலுக்குள்ள இருந்து எடுத்த அந்தக் காசுங்கதான் இப்ப உலகம் பூரா விக்கிது. சோஹோ மேல எனக்குப் பைத்தியம் புடிச்சது அங்கதான், அந்த மின்ட்ல வேற என்னென்ன அடிச்சாங்கன்னு பாக்கப் போயிதான் டோக்கன் பக்கமே வந்தேன்.

சென்னையில ஒரு காயின் ஷோ. வெளிநாட்டுக் காசு கலந்து கொட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் டப்பா, எது எடுத்தாலும் அறுபது ரூபா. அதுல ஒரு கறுத்த செப்பு. ஒரு பக்கம் வலது பக்கம் பாத்த தொந்தி வெச்ச ஒரு ஆளோட மார்பளவு உருவம், கிரீடம் இல்ல, மாலை இல்ல, சும்மா கோட் போட்ட மனுஷன். சுத்தி "ஜான் வில்கின்சன் அயர்ன் மாஸ்டர்"னு இங்கிலீஷ்ல. அந்தப் பக்கம் இரும்புப் பட்டறை, பெரிய சுத்தியல், ஒரு ஆள் வேலை செய்யறான். வருஷம் 179 வரைக்கும் தெரியுது, கடைசி எண் தேய்ஞ்சே போச்சு. கடைக்காரர்கிட்ட, "அண்ணே இது என்ன காசுண்ணே"ன்னு கேட்டேன். "ராஜா தலையும் இல்ல, ராணி தலையும் இல்ல தம்பி, யாரோ முதலாளி மாதிரி இருக்கான், புடிச்சிருந்தா எடுத்துக்கோங்க"ன்னாரு. பின்னாடி எத்தனை புக் படிச்சும் இதைவிடச் சரியான விவரிப்பு எனக்குக் கிடைக்கல.

அந்த முதலாளி சாதாரண ஆள் இல்ல. ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினுக்கு சிலிண்டரை ஒழுங்கா துளைச்சுக் குடுக்கத் தெரிஞ்ச ஆளு அந்தக் காலத்துல இவருதான். பீரங்கிக் குழாய் துளைக்கறதுக்கு 1774-ல பேட்டன்ட் வாங்கி, அதே வித்தையை இன்ஜினுக்கும் கொண்டுவந்தாரு. 1787-ல இரும்புலயே படகு கட்டி மிதக்கவிட்டாரு. செத்தப்போ புதைச்சதும் இரும்புப் பெட்டியில. இந்த மாதிரி ஒரு ஆளு தன் மூஞ்சியைக் காசுல போட்டுக்கலைன்னாதான் ஆச்சரியம். ஆனா ஏன் போட முடிஞ்சதுன்னு தெரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

1775-க்கு அப்புறம் லண்டன் ராயல் மின்ட் செப்பு அரைப்பென்னி அடிக்கறதையே நிறுத்திடுச்சு. வெள்ளியும் தங்கமும்தான் காசு, செப்பு ஏதோ வேண்டாத வேலைங்கற நினைப்பு. ஆனா கூலிக்காரனுக்கு வாரக் கூலி குடுக்க, ரொட்டி வாங்க, சாராயம் குடிக்க சில்லறைதானே வேணும்? அந்த ஓட்டையில கள்ளக்காசு புகுந்துச்சு. 1787-ல மின்ட்டே எடுத்துப் பாத்த கணக்குல, புழக்கத்துல இருந்த செப்புக் காசுல நூத்துக்கு 8 தான் ஓரளவாவது ராஜா காசு மாதிரி இருந்துச்சாம். அதே வருஷம் வேல்ஸ்ல ஆங்கிள்சி தீவுல பாரிஸ் மலைச் செப்புச் சுரங்கக் கம்பெனி (பிரான்ஸ் பாரிஸ் இல்லீங்க, மலைக்கு அந்தப் பேரு) சொந்தமா ஒரு பென்னி அடிச்சு விட்டுது. ஓக் இலை மாலைக்கு நடுவுல முக்காடு போட்ட தாடிக்காரத் துறவி தலை, பின்பக்கம் "கேட்டா ஒரு பென்னி குடுக்கறோம்"ங்கற வாக்குறுதி, விளிம்புல எங்க போய் மாத்திக்கலாம்னு எழுத்து. எடை முழுசா ஒரு அவுன்ஸ், அதாவது ஒரு பவுண்டு செம்புக்கு 16 பென்னி. ராஜா காசைவிட கனம். சனங்க ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாங்க. வில்கின்சனும் அதே 1787-ல கிளம்பிட்டாரு. அப்புறம் பத்து வருஷம் ஊருக்கு ஊர் கடைக்காரன், ஜவுளிக்காரன், மில்லுக்காரன் எல்லாம் அடிச்சுத் தள்ளுனாங்க, 1797-ல போல்டனுக்கு அரசாங்கமே காண்ட்ராக்ட் குடுத்து பெரிய செப்புப் பென்னி வந்ததுக்கு அப்புறம்தான் அடங்குச்சு.

சரி, என் காசுக்கு வருவோம். புழங்குற எல்லாரும் சொல்ற புக் ஒண்ணுதான், டால்டன் அண்ட் ஹேமர், சுருக்கமா டி அண்ட் எச். ரிச்சர்ட் டால்டன், சாமுவேல் ஹேமர்னு ரெண்டு பேர் சேர்ந்து 1910-ல இருந்து 1918 வரைக்கும் 14 பாகமா கொண்டுவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு டோக்கன் அத்தனைக்கும் எண் போட்ட புக். இன்னிக்கும் ஏலத்துல, கடையில, சேகரிக்கறவங்க பேச்சுல எல்லாம் அந்த எண்தான் ஓடுது. நூறு வருஷம் தாண்டின புக்குங்கறதால ஸ்கேன் கிடைச்சுது. தேவையான பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில குடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கிட்டேன், கடைப் பையன் "என்னண்ணே இது, பூரா வட்டம் வட்டமா இருக்கு"ன்னு சிரிச்சான்.

புக்கோட அடுக்கு இப்படி. முதல்ல இங்கிலாந்து கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி), அகரவரிசையில, அப்புறம் வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து. ஒவ்வொரு கவுன்ட்டிக்குள்ளயும் முதல்ல பென்னி, அப்புறம் அரைப்பென்னி, அப்புறம் ஃபார்திங் (கால் பென்னி). எண் ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஒண்ணுல இருந்து திரும்ப ஆரம்பிக்கும். இது புதுசா வர்றவன் எல்லாரும் வழுக்கி விழற இடம். "டி அண்ட் எச் 10"னு சொன்னா அது ஒண்ணுமே இல்ல, எந்தக் கவுன்ட்டியோட 10? வெறும் எண்ணை மட்டும் கவர்ல எழுதி விக்கறவங்ககிட்ட வாங்கறப்போ கூடக் கவுன்ட்டி பேரும் கேட்டு வாங்கிடுங்க.

இப்ப நான் வில்கின்சனை எங்க தேடணும்? படிச்ச வரைக்கும் அவரோட பெரிய தொழிற்சாலை வில்லிங்கற இடத்துல, அது ஷ்ராப்ஷைர். நேரா ஷ்ராப்ஷைர் பக்கத்தைத் திறந்தேன். கோல்புரூக்டேல் டோக்கன் இருக்கு, உலகத்துலயே முதல் பெரிய இரும்புப் பாலம் அதுல அழகா நிக்குது, 1779-ல கட்டினது, கரைக்குக் கரை 100 அடின்னு காசுலயே எழுதியிருக்கு. கெட்லி சரிவுப்பாதை (படகை மேட்டுல ஏத்தி இறக்கற பாதை) இருக்கு. அந்தப் பாலத்துக்கும் வில்கின்சனுக்கும் கூட சம்பந்தம் உண்டு, அதனால பக்கத்துலதான் இருப்பாருன்னு திரும்பத் திரும்பப் புரட்டுனேன். இல்ல. அடுத்து வேல்ஸ்ல டென்பிஷைர், பெர்ஷம்ல அவருக்கு உலை இருந்துச்சே. இல்ல. ஸ்டாஃபோர்ட்ஷைர், பிராட்லி உலை. அங்கயும் இல்ல. ஒருவேளை "ஊர் தெரியாதவை"ன்னு தனியா ஒரு பகுதி இருக்கே அதுல தள்ளிட்டாங்களோன்னு அதையும் பாத்தேன். இப்படியே ரெண்டு வாரம் போச்சு.

கடைசில இருந்த இடம் வார்விக்‌ஷைர். கோவன்ட்ரி டோக்கன் பாக்கப் போனவன் தற்செயலாப் பாத்தேன் (கோவன்ட்ரி காசுல ஒரு பக்கம் குதிரை மேல அந்த ஊர்ப் பழங்கதையில வர்ற கோடைவா அம்மணி, மறுபக்கம் முதுகுல கோட்டை சுமக்குற யானை, நம்ம ஆளுங்க யாரு பாத்தாலும் "இது நம்ம ஊர்க் காசுதானே"ம்பாங்க). கொஞ்சம் தள்ளி வில்கின்சன், நூறு எண்ணுக்கு மேல, பக்கம் பக்கமா.

ஏன் வார்விக்‌ஷைர்? வில்கின்சனுக்கு அங்க உலை இல்ல. காசை அங்க மாத்தித் தரேன்னும் அவர் சொல்லல. பர்மிங்காம் அந்தக் கவுன்ட்டி, காசை அடிச்சது பர்மிங்காம்ல, அதுதான் காரணம்னு வெச்சுக்கலாம். ஆனா அப்படின்னா ஆங்கிள்சி துறவித் தலைப் பென்னியும் பெரும்பாலும் அதே பர்மிங்காம்ல, அதே சுரங்கக் கம்பெனி வெச்சிருந்த மின்ட்ல அடிச்சதுதானே? வில்கின்சனோட முதல் காசுங்களும் அதே மின்ட்லதான் அடிச்சாங்க, அச்சு (காசு மேல படத்தைப் பதிக்கற முத்திரை) வெட்டினது கூட ரெண்டுக்கும் ஒரே ஆளு, ஜான் கிரிகரி ஹேன்காக். அந்த மின்ட் மூடினதுக்கு அப்புறம்தான் வில்கின்சன் வேலை சோஹோ போல்டன் கைக்குப் போச்சு. ஒரே மெஷின்ல, ஒரே கையால உருவான ரெண்டு காசுல ஒண்ணை "எந்த ஊர்க் கம்பெனி"ன்னு பாத்து வேல்ஸ்ல வெச்சாங்க, இன்னொண்ணை "எந்த ஊர்ல அடிச்சது"ன்னு பாத்து இங்கிலாந்து நடுவுல வெச்சாங்க. என் கணக்குல இது தப்பான அடுக்கு. ஆனா ஏன் அப்படி ஆச்சுன்னு புரியுது. நல்ல வில்கின்சன் காசோட விளிம்புல நாலு ஊர் பேரு இருக்கும்: வில்லி, ஸ்னெட்ஸ்ஹில், பெர்ஷம், பிராட்லி. நாலு ஊர், மூணு கவுன்ட்டி, அதுலயும் ஒண்ணு வேல்ஸ். எதுல வெச்சாலும் மத்த ரெண்டும் சண்டைக்கு வரும். அதனால யாருக்கும் சொந்தமில்லாத நாலாவது இடத்துல வெச்சுட்டாங்க போல, நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி.

இந்தக் கவுன்ட்டிப் பழக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா, அதுக்கு முந்தின நூற்றாண்டுல இருந்து. 1640-கள் கடைசில ஆரம்பிச்சு 1672-ல ராஜா தடை போடற வரைக்கும் இங்கிலாந்து பூரா சின்னச் சின்னக் கடைக்காரங்க ஃபார்திங் டோக்கன் அடிச்சாங்க, மெழுகுவர்த்திக்காரன், சத்திரக்காரன், மளிகைக்காரன்னு. அதுல கடைக்காரன் பேரும் ஊரும் நேராவே இருக்கும். அதை வில்லியம் பாய்ன் 1858-ல கவுன்ட்டி வாரியா தொகுத்தாரு, வில்லியம்சன் அதையே திருத்திப் பெருசாக்கி 1889-ல இருந்து 1891-க்குள்ள ரெண்டு வால்யூமா போட்டாரு. அந்தக் காசுக்கு அந்த அடுக்கு கச்சிதம், ஏன்னா ஒரு கடையோட காசு அந்தக் கடைத்தெருவைத் தாண்டாது. ஒரே பேர்ல நாலு ஊர் இருந்தா மட்டும் தகராறு, நம்ம ஊர்ல நல்லூர், புதூர்னு எங்க பாத்தாலும் இருக்கிற மாதிரி. ஆனா அடுத்த நூற்றாண்டுல லண்டன், லிவர்பூல், ஆங்கிள்சின்னு மூணு மூலையில மாத்திக்கலாம்ங்கற கம்பெனிக் காசு வந்ததும் அதே சட்டையை இதுக்கும் மாட்டினாங்க, அங்கங்க தையல் விட்டுது. டி அண்ட் எச்-ல மிடில்செக்ஸ் பகுதியைத் திறந்து பாருங்க, லண்டன் கடைங்களோட சேத்து அரசியல் காசு, நாட்டுக்குப் பொதுவான காசு, எல்லாத்தையும் அங்கயே குமிச்சு வெச்சிருக்காங்க. வீட்டுல ஒரு அறை இருக்குமே, எங்க வெக்கறதுன்னு தெரியாததை எல்லாம் போட்டு வெக்க, அது.

இப்ப என் கையில வார்விக்‌ஷைர் பக்கம் இருக்கு, நூறு சொச்சம் வில்கின்சன். எது என்னோடது? டி அண்ட் எச் பாக்கறது அச்சு வித்தியாசம் மட்டும்தான். கோட்டுல எத்தனை பட்டன், எழுத்து எந்த இடத்துல மூக்குக்கு நேரா வருது, சுத்தியல் எந்த எழுத்தைப் பாக்குது, இந்த மாதிரி. துறவித் தலைப் பென்னிக்கு ஓக் மாலையில எத்தனை கொட்டைன்னு எண்ணணும், ஆங்கிள்சி பகுதியே கொட்டை எண்ற கணக்காலதான் அவ்வளவு நீளம். தேய்ஞ்ச காசுல இதெல்லாம் பாக்கறது கண் டாக்டருக்குப் பணம் சேர்க்கற வேலை. அச்சு ஒண்ணா இருந்து விளிம்பு எழுத்து மட்டும் மாறினா புது எண் இல்ல, அதே எண்ணுக்குப் பின்னாடி ஏ, பி, சி-ன்னு ஒரு எழுத்து. பாக்க சின்ன விஷயம், ஆனா என் காசோட கதை பூரா அந்தக் குட்டி எழுத்துக்குள்ளதான் இருந்துச்சு.

விளிம்பை நான் அதுவரைக்கும் பாக்கவே இல்ல. மெட்ராஸ் காசு சேர்க்கறவனுக்கு விளிம்பு பாக்கற பழக்கமே கிடையாது. டோக்கனுக்கு விளிம்புதான் உயிர், வாக்குறுதி அங்கதான் எழுதியிருக்கு, காசு செல்லுமா செல்லாதான்னு அந்தக் காலத்துக் கடைக்காரன் பாத்திருக்க வேண்டிய இடமே அதுதான். என்னோடதுல எண்ணெய் அழுக்கு அடைஞ்சு ஒண்ணும் தெரியல. கழுவக்கூடாது, சுரண்டக்கூடாது, பழைய காசைப் புளி போட்டு விளக்கறவங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். அதனால பொண்ணு விளையாடற களிமண்ணை நீளமா உருட்டி வெச்சு, காசை அது மேல சக்கரம் மாதிரி மெதுவா உருட்டுனேன். காசுல பள்ளமா இருந்த எழுத்து களிமண்ணுல மேடா வந்துச்சு, ஆனா கண்ணாடில பாக்கற மாதிரி தலைகீழா. போன்ல படம் எடுத்து இடம் வலம் மாத்தினதும் படிக்க முடிஞ்சுது. பாதி எழுத்து போயிருந்தாலும் இது சந்தேகமில்ல: ஆங்கிள்சி, லண்டன் அல்லது லிவர்பூல்ல மாத்திக்கலாம்.

வில்லி இல்ல, பெர்ஷம் இல்ல. வில்கின்சன் மூஞ்சி, ஆங்கிள்சி விளிம்பு.

முதல்ல சந்தோஷப்பட்டேன், ஏதோ அபூர்வமான கலப்புன்னு. வில்கின்சனும் ஆங்கிள்சிக் கம்பெனித் தலைவர் தாமஸ் வில்லியம்சும் செப்பு வியாபாரத்துல கூட்டாளிங்க, அதனால ரெண்டு பேருக்கும் பொதுவா ஏதாவது அடிச்சிருப்பாங்களோன்னு கதை கட்டினேன். டி அண்ட் எச்-ல பாத்தா அந்த விளிம்போட வில்கின்சன் ஒண்ணு ரெண்டு இல்ல, நிறைய இருக்கு. அடுத்த நாள் தெரிஞ்சவரோட நகைப் பட்டறைக்குப் போய் தராசுல வெச்சேன், 9 கிராம் கூட வரல. நல்ல வில்கின்சன் அரைப்பென்னி சாதாரணமா 12, 13 கிராம் நிக்கும். தேய்மானம்னு சொல்லி மூணு கிராமை மறைக்க முடியாது. பட்டறைக்காரர் வேற, "செம்புல என்னத்த கலந்திருக்கானோ, சிவப்பே இல்லையே"ன்னு ஒரு போடு போட்டாரு.

இங்கதான் டி அண்ட் எச் கையை விரிச்சுது. அந்தப் புக்குக்கு எது முதலாளி அடிச்சது, எது கள்ளக்காசுங்கறது முக்கியமான கேள்வி இல்ல. எந்த அச்சு எந்த அச்சோட சேர்ந்திருக்கு, விளிம்பு என்ன, எவ்வளவு அபூர்வம், அவ்வளவுதான். நல்லதும் கெட்டதும் பக்கத்துப் பக்கத்து எண்ல ஜோடியா நிக்கும். எண் இருக்குங்கறதாலயே காசு உண்மைன்னு நினைச்சு வாங்கறவங்க நிறைய, நானும் நினைச்சேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற புக் வேற. ஆர். சி. பெல்னு ஒருத்தர், தொழில் அறுவை சிகிச்சை டாக்டர், பலகை ஆட்டங்களோட வரலாறு எழுதினதுலயும் பேரு பெத்தவர். அவரு 1960-கள்ல டோக்கன் புக் வரிசையா போட்டாரு, டி அண்ட் எச் மொத்தமா குமிச்சதைப் பிரிச்சு மேயற வேலை. 1963-ல வந்ததுல நிஜமா வியாபாரத்துக்கு, மாத்தித் தரேன்னு சொல்லி அடிச்ச காசு மட்டும். 1966-ல கடை விளம்பரச் சீட்டு மாதிரியான காசும் சொந்த ஆசைக்கு அடிச்சதும். 1968-ல ஏமாத்துக் காசு, யாரு பொறுப்புன்னே இல்லாம பொதுவா புழங்க விட்டது. அப்புறம் 1978-ல, சேகரிக்கறவங்களுக்கு விக்கறதுக்குன்னே கட்டடம் கட்டடமா படம் போட்டு கெம்ப்சனும் ஸ்கிட்மோரும் அடிச்சதுக்குத் தனியா ஒரு புக். ஒரு காசு எந்த ஊர்ங்கறதை விட அது எதுக்குப் பொறந்துச்சுங்கறது அவரோட கேள்வி. அந்த வழியில பாத்தா என் காசு வில்கின்சனோடதே இல்ல, அவரு மூஞ்சியைத் திருடி யாரோ லேசா அடிச்சு விட்டது. விளிம்புல நாலு உலைப் பேரை வெட்டினா வில்கின்சன் ஆளுங்ககிட்ட போய் மாட்டிக்கணும், பொத்தாம்பொதுவா மூணு ஊர் பேரைப் போட்டா எவனும் கேக்கமாட்டான். இந்த மாதிரி லேசு ரகம் அடிச்சதுல பர்மிங்காம் வில்லியம் லட்விச் பேரு அடிக்கடி அடிபடும். தைரியத்தைப் பாருங்க, காசடிக்கற பிரஸ் படத்தைப் போட்டு தன் தொழிலுக்கே ஒரு டோக்கன் அடிச்சு விட்ட ஆளு. என் காசை அவர்தான் அடிச்சாருன்னு சொல்ல ஆதாரம் இல்ல, அதனால அந்தப் பேரை நான் கவர்ல எழுதல.

ஒரு விஷயம் உறுத்துச்சு. பெல் 170 வருஷம் கழிச்சு எழுதறாரு, அப்பவே இருந்தவங்க என்ன சொன்னாங்க? அங்கதான் பழைய புக்குங்க வருது, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

டோக்கன் புழக்கத்துல இருந்த காலத்துலயே சேகரிக்கற பைத்தியம் கிளம்பிடுச்சு. 1795-ல தாமஸ் ஸ்பென்ஸ்னு லண்டன் ஹோல்போர்ன்ல புக் கடையும் டோக்கன் கடையும் வெச்சிருந்த ஒரு புரட்சிக்காரர் (நிலம் எல்லாம் ஊருக்குப் பொதுன்னு பேசி, முந்தின வருஷம்தான் விசாரணை இல்லாம ஏழு மாசம் உள்ள இருந்துட்டு வந்தவர்) சேகரிக்கறவங்களுக்கு ஒரு பட்டியல் போட்டாரு. பட்டியல் போட்டவரே காசும் அடிச்சாரு. தன்கிட்ட இருந்த அச்சுங்களை மாத்தி மாத்தி ஜோடி சேத்து, இந்த முன்பக்கத்துக்கு அந்தப் பின்பக்கம்னு, புதுசு புதுசா "வகை" பண்ணி வித்தாரு. பூனை இருக்கும், பன்னி இருக்கும், தூக்குமேடை இருக்கும். கொள்கை பரப்பினதாவும் ஆச்சு, துட்டும் ஆச்சு. ஆக சேகரிக்கறவன் பட்டியலைப் பாத்து இல்லாததைத் தேடறான், அவன் தேடறான்னு தெரிஞ்சு காசுக்காரன் புது ஜோடி அடிக்கறான், அடுத்த பட்டியல்ல அதுவும் ஏறுது. புக் காசைப் பின்தொடர்ந்து போகாம, காசு புக்கைப் பின்தொடர ஆரம்பிச்சுருச்சு.

1798-ல ஜேம்ஸ் காண்டர். இப்ஸ்விச் ஊர் ஜவுளிக்கடைக்காரர், தன் கடைப் பேர்ல சொந்தமா டோக்கனும் விட்டவர். கண்ணுல பட்ட எல்லாத்தையும் ஒழுங்கா அடுக்கி ஒரு புக் போட்டாரு. இன்னிக்கு அமெரிக்கக்காரங்க இந்தக் காசுங்களையே "காண்டர் டோக்கன்"னுதான் சொல்றாங்க, ஜவுளிக்கடைக்காரர் பேரு நிலைச்சுப்போச்சு. அவரு எதையும் ஒதுக்கல, இருந்தா பட்டியல்ல உண்டு.

இதுக்கு நேர் எதிர் சார்ல்ஸ் பை. பர்மிங்காம்ல படம் வெட்டற தொழில். 1795-ல முதல் பதிப்பு, 1801-ல திருத்தின பதிப்பு. தொழில் செய்யற ஊருக்குள்ளயே உக்காந்திருந்ததால யாரு அச்சு வெட்டினது, யாரு அடிச்சது, எத்தனை அடிச்சதுன்னு விசாரிச்சு எழுத முடிஞ்சுது. சேகரிக்கறவன் தலையில கட்டறதுக்காகவே அடிச்ச ஜோடிக் காசுக்கு அவர்கிட்ட இடமில்ல. ஆங்கிள்சிக் காசு 250 டன் பென்னி, 50 டன் அரைப்பென்னின்னு நாம இன்னிக்கு சொல்ற மாதிரியான கணக்கெல்லாம் அந்தக் காலத்து விசாரணைல இருந்து வந்ததுதான். எண்ணிக்கை இல்லாம டன் கணக்குல சொல்றதைக் கவனிங்க, செப்பு வியாபாரிக்கு அது காசு கூட இல்ல, சரக்கு.

காண்டர் வழில போன ஆளுங்கதான் ஜெயிச்சாங்க. 1892-ல ஜேம்ஸ் அட்கின்ஸ் போட்ட பெரிய கேட்டலாக், அதை ஒட்டி, அதோட தப்பைத் திருத்தி டால்டன் அண்ட் ஹேமர். எல்லாத்துக்கும் எண் இருக்கற புக்கைத்தான் சேகரிக்கறவன் வாங்குவான், "இதெல்லாம் போலி, சேக்கல"ன்னு சொல்ற புக்கை எவன் வாங்குவான்? நியாயம்தான். ஆனா நல்லது எது, போலி எதுன்னு பை 1801-ல தெளிவாக் கிழிச்சிருந்த கோட்டை 1963 வரைக்கும் யாரும் திரும்ப முழுசா போடல, அது எனக்கு ஆறவே இல்ல.

அபூர்வக் குறியைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். டி அண்ட் எச் சாதாரணம், அரிது, மிக அரிதுன்னு எழுத்துக் குறி போட்டிருக்கும். அது அந்த ரெண்டு பேரும் அவங்க காலத்துல பாத்த பெட்டிங்களை வெச்சுப் போட்ட குறி. அதுக்கப்புறம் எத்தனையோ பழைய சேகரிப்பு ஏலத்துக்கு வந்து கலைஞ்சுருச்சு, புது அச்சு வகையும் கிடைச்சுக்கிட்டே இருக்கு, நடுவுல நுழைக்க எண் இல்லாம "பிஸ்"னு ஒரு வாலை ஒட்டி வெக்கறாங்க. 1918-ல போட்ட குறியை நம்பி இன்னிக்கு விலை பேசாதீங்க. விலை வேணும்னா விதர்ஸ் தம்பதி போட்ட டோக்கன் புக் மாதிரி பின்னாடி வந்தது இருக்கு, மூணு நூற்றாண்டு டோக்கனும் ஒரே புக்ல, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் முதல்ல அதைத்தான் சொல்வேன். எண் தேடறதுக்கு டி அண்ட் எச், அந்த எண்ணை நம்பலாமான்னு பாக்கறதுக்கு பெல்லோட புக், யாரு அடிச்சதுன்னு பாக்கறதுக்கு சார்ல்ஸ் பையோட புக். நான் இதைத் தலைகீழாப் பண்ணேன், எண்ல ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சிருக்க வேண்டியது தராசும் களிமண்ணும்.

"அப்ப உன் காசு போலியா, அறுபது ரூபா போச்சா"ன்னு வீட்டுல கேட்டாங்க. எனக்கென்னவோ அப்படித் தோணல. நல்ல வில்கின்சன் காசு பலது பளபளன்னு இருக்கு, மொழமொழன்னு, வாங்கி வெச்சவன் எடுத்துச் செலவே பண்ணாத மாதிரி. என்னோடதைப் பாருங்க, மூக்கு மழுங்கி, வருஷம் அழிஞ்சு, சுத்தியல் எங்கன்னு தேடணும். இதை வாங்கினவன் எவனும் விளிம்பைப் படிக்கல, படிச்சாலும் கண்டுக்கல, ஒரு ரொட்டிக்கோ ஒரு கிளாஸ் பீருக்கோ நீட்டியிருக்கான், எதிர்ல இருந்தவனும் வாங்கியிருக்கான். அந்த ஊர்ல சில்லறைப் பஞ்சம் எந்த அளவுக்கு இருந்துச்சுன்னு நல்ல காசை விட இதுதான் சத்தமா சொல்லுது.

எண் மட்டும் முடிவாகல. பட்டன் மூணா நாலான்னு மூணு பேர்கிட்ட காட்டினேன், மூணு பதில். வருஷத்தோட கடைசி எண் தெரிஞ்சா பாதிப் பட்டியல் கழிஞ்சுரும், அது தெரியல. ஒருத்தர் "கிட்டத்தட்ட இதுதான்னு ஒரு நம்பரைப் போடுப்பா, யாரு பாக்கப் போறா"ன்னாரு. போடல. கவர்ல பென்சில்ல இப்படி எழுதி வெச்சிருக்கேன், பேனா இல்ல, பென்சில்: "வில்கின்சன் அரைப்பென்னி, பட்டறை ரகம், 179-. அந்தக் காலத்துப் போலி. விளிம்பு ஆங்கிள்சி லண்டன் லிவர்பூல். 9 கிராமுக்குள்ள. டி அண்ட் எச் வார்விக்‌ஷைர், எண் பாக்கணும். சென்னை, 60 ரூபா."